ஆண் வேண்டும் என்று வந்த கார்டு

சிந்தாமணிக்கு உட்காரத் தெரியாது என்பது அவள் மாமியார் கிருஷ்ணம்மாளின் தீராத புகார். பெரம்பலூரிலிருந்து வரும் பஸ் அரியலூர் ஸ்டாண்டுக்குள் திரும்புவதற்கு முன்பே சிந்தாமணி படிக்கட்டுக்கு வந்துவிடுவாள். உலை கொதிப்பதற்குள் இரண்டு தடவை மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடித்து ஒரு காலைக் குத்துக்காலிட்டு, யாரோ இப்போது கூப்பிடப்போகிறார்கள் என்பது போலவே உட்கார்ந்திருப்பாள்.

"நெருப்பு மேல உக்காந்தவ மாதிரி என்னடி அப்புடி ஒரு அவசரம்?" என்பாள் கிருஷ்ணம்மாள்.

"தோ, ஆச்சுத்தை," என்று தட்டோடு எழுந்துவிடுவாள் மருமகள்.

எண்பத்தொன்றாம் வருஷத்தில் அவளுக்கு முப்பத்துநாலு வயது. பூலாம்பாடியில் பருத்திக்காட்டுக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அரியமுத்துவின் மகள். திருச்சிக்குப் போய் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து வந்தபோது, மகள் டாக்டராகிவிட்டாள் என்றே அரியமுத்து ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். மேலே படிக்கவேண்டும் என்றிருந்தவளுக்குக் கல்யாணம் வந்தது. அதன் பிறகு ஒரு மகள், பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை, அரியலூர் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் தங்கசாமியோடு குடித்தனம். கல்லூரியில் அவள் வேலை தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டுவது. வருஷா வருஷம் அதே தவளை, அதே கரப்பான். கை அறுத்துக்கொண்டிருக்கும், கண் ஜன்னல் பக்கம் போய்விடும்.

அப்படிப் போன கண்தான் அந்த மாசி மாதம் லேப் ஜன்னல் சட்டத்தில் இருந்த குளவிக்கூட்டைப் பார்த்தது. மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவி யார் வீட்டில்தான் இல்லை. ஆனால் இந்தக் கூட்டின் மேல் எள்ளில் பாதி இருக்கும் பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சிந்தாமணி லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தாள். அவையும் குளவிதான், ஒட்டுண்ணிக் குளவி. பெரிய குளவியின் கூட்டுக்குள் நுழைந்து அதன் புழு மேல் முட்டையிட்டுவிடும். அதன் குஞ்சுகள் அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, மண்ணைக் கடித்து ஊசி முனை அளவு ஓட்டை போட்டு வெளியே வரும். புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஆனால் இந்த முகத்தை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பத்துப் பன்னிரண்டைப் பிடித்து, ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு, கல்கத்தாவுக்கு அனுப்பினாள். அங்கே சிவசுப்பிரமணியன் என்ற உடையார்பாளையத்துக்காரர் ஒருவர் இருந்தார். குளவிகளை இனம் பார்த்துப் பேர் சொல்வதே அவருக்கு வேலை. மீதியைக் கூட்டோடு பெயர்த்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் பழைய வேட்டித் துணியைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினாள். கோடை விடுமுறைக்குக் கல்லூரி பூட்டியபோது பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் அப்போது அம்சவள்ளி இருந்தாள். தங்கசாமியின் தங்கை, திருமானூரில் கட்டிக்கொடுத்தது, பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். இது இரண்டாவது. முதலாவது இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. அதற்குப் பத்து நாளைக்கு முன்புதான் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிறேன் என்று சிந்தாமணி கூடத்து மூலையிலிருந்த குளவிக்கூட்டைத் துடைப்பத்தால் தட்டிவிட்டிருந்தாள். முழுகாமல் இருக்கிறவள் உள்ள வீட்டில் குளவிக்கூட்டை உடைக்கக்கூடாது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. கிருஷ்ணம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. பேசியிருந்தால் சிந்தாமணி பதில் சொல்லியிருப்பாள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்கியிருப்பாள். பேசாததற்கு என்ன பதில் சொல்வது.

அதனால் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். கிருஷ்ணம்மாளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னடி அது?"

"காலேஜிலேர்ந்து ஒரு கூடு, அத்தை. பூச்சி வளக்கறேன்."

கிருஷ்ணம்மாள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று சிந்தாமணி காத்திருந்தாள்.

"கருப்பு மண்ணா இருக்கு?"

"பெரம்பலூர்ல கரிசல்தானே, அத்தை."

கிருஷ்ணம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. செம்மண்ணில் கட்டினால் பெண், கருப்பு மண்ணில் கட்டினால் பையன். அம்சவள்ளி படுக்கிற அறையின் ஜன்னலில் ஏற்கனவே ஒரு குளவி அரியலூர்ச் செம்மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, மருமகள் பஸ் ஏற்றிக் கரிசல் கூடு கொண்டுவந்திருக்கிறாள்.

"அம்சவள்ளி ரூம்புலயே வையி. பீரோ மேல. யாரும் தொடக்கூடாது. நீயும் ஒடைக்கக்கூடாது."

"இது நம்ம வூட்டுக் கூடு இல்லியே, அத்தை."

"நம்ம வூட்டுக்குள்ள வந்துட்டா நம்ம வூட்டுக் கூடுதான்."

சிந்தாமணி சரியென்றாள். உடைக்கும் எண்ணம் அவளுக்கும் இல்லை. பூச்சிகள் தானாக வெளியே வரும், வரவரப் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் அவள் கணக்கு.

சித்திரை நடுவில் கல்கத்தாவிலிருந்து கார்டு வந்தது. சிவசுப்பிரமணியன் காசு விஷயத்தில் கெட்டி, எல்லாவற்றையும் கார்டிலேயே எழுதிவிடுவார், அதுவும் தமிழில், பொடி எழுத்தில். தபால்காரர் செல்லமுத்து வாசலில் நின்றபடியே அதை ஒரு தரம் படித்துவிட்டு, கிருஷ்ணம்மாளிடம் கொடுக்கும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கு செல்லமுத்து? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமே."

"சொல்றதுக்கே சங்கட்டமா இருக்கும்மா. 'எல்லாம் பெண்ணாகவே இருக்கிறது. பெண்ணை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆண் வேண்டும். ஆண் இல்லாமல் பிரயோஜனம் இல்லை'ன்னு எழுதியிருக்கு. 'வேறொருவரும் முயன்றுகொண்டிருக்கிறார்'னு வேற போட்டிருக்கு."

சிந்தாமணி கடையிலிருந்து திரும்பி வந்தபோது கிருஷ்ணம்மாள் கார்டும் கையுமாக நடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருடி அவன் கல்கத்தாக்காரன்? எம்பேத்தி பொண்ணாப் பொறந்துட்டா அவனுக்கு என்ன வலி? பிரயோஜனம் இல்லியாமே. எவளையோ பாத்து வெச்சிருக்கானா, எம்மவனுக்கு?"

சிந்தாமணி கார்டைப் பிடுங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க மாமியார் அங்கே நிற்பதே மறந்துபோயிற்று. இந்த இனம் நம் நாட்டில் இருப்பதாக இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை. ஆனால் இதே சாடையில் இரண்டு மூன்று இனம் உண்டு, பெண்களை வைத்து இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆணின் உணர்கொம்பைப் பார்த்தால்தான் தெரியும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவரும் பெண்ணை மட்டுமே அனுப்பியிருக்கிறார். ஆடிக்குள் ஆணை யார் அனுப்புகிறார்களோ அவர் பேரில் பட்டியலில் ஏறும்.

"இது குளவி, அத்தை. குளவியில ஆண் கேக்கறார்."

கிருஷ்ணம்மாள் கார்டை எட்டிப் பார்த்தாள். "குளவியிலயுமா?" என்றாள். அப்புறம், "செல்லமுத்துகிட்ட நீயே சொல்லிடு. அவன் இந்நேரம் தெரு முச்சூடும் சொல்லியிருப்பான்."

அன்றிலிருந்து சிந்தாமணிக்குக் கொஞ்சமிருந்த உட்காருதலும் போயிற்று. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பாட்டில். பால் காய்ச்சிவிட்டு வந்து பாட்டில். அம்சவள்ளிக்குக் கால் அமுக்கிவிடும்போது கண் பீரோ மேல். கூட்டில் புதுசு புதுசாக ஓட்டை விழுந்தது, பூச்சி வந்தது. ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்ப்பாள். பெண். அடுத்ததும் பெண். எந்தக் குளவியிலும் ஆண்கள்தான் முதலில் வரும் என்று படித்ததை நம்பி, இத்தனை நாள் வராதது இனி வரும், இன்றைக்கு வரும், கூட்டின் இந்தப் பக்கத்து அறை திறந்தால் வரும் என்று இருந்தாள். கோயம்புத்தூர்க்காரருக்கு நேற்றே கிடைத்திருக்குமோ. அவர் வீட்டில் மாமியார் இருப்பாளா. இருந்தாலும் அவர் ஆம்பிளை, லேப் சாவி அவரிடம் இருக்கும், விடுமுறை என்றால் என்ன.

"அண்ணி, நீ பண்ற கூத்தைப் பாத்தா எனக்கே இப்பவே வலி வந்துடும் போல இருக்கு," என்றாள் அம்சவள்ளி. "செத்த உக்காரேன்."

"உக்காந்துதானே இருக்கேன்."

"நிக்கற."

பார்த்தால் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

கூட்டை உடைத்துப் பார்த்துவிடலாமா என்ற யோசனை ஒரு நாளைக்கு நாலு தடவை வந்தது. ஒரு தடவை கிருஷ்ணம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்த சமயம், துணியை அவிழ்க்க ரப்பர் பேண்டில் விரலை மாட்டியேவிட்டாள். கட்டிலில் அம்சவள்ளி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், வயிறு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. உள்ளேயிருந்து குழந்தை உதைத்தது புடவைக்கு மேலேயே தெரிந்தது. சிந்தாமணி விரலை எடுத்துவிட்டாள். நம்பிக்கை எல்லாம் இல்லை. நம்பிக்கை இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், சாமிக்கு வேண்டிக்கொண்டு உடைத்திருப்பாள்.

வைகாசிக் கடைசியில் அம்சவள்ளிக்கு வலி எடுத்தது. விடிகாலையில் ஆரம்பித்த வலி. நர்ஸம்மா வந்து பார்த்து, தலை சரியாகத்தான் இருக்கிறது, நேரமாகும் என்றாள். பத்து மணியாயிற்று, வெயில் ஏறியது, பிள்ளை இறங்கவில்லை. தங்கசாமி வண்டி சொல்ல ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். அம்சவள்ளியின் கத்தல் தேய்ந்து முனகலாகிவிட்டது. அந்த முனகல்தான் கேட்கச் சகிக்கவில்லை.

"இன்னும் செத்த நேரம் பாப்போம். இல்லாட்டி பெரியாஸ்பத்திரிதான்," என்றாள் நர்ஸம்மா.

கிருஷ்ணம்மாள் எழுந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். "சிந்தாமணி, தலைய அவுத்து வுடு. வூட்டுல மூடினது, பூட்டினது, முடிஞ்சது எல்லாத்தையும் தொற."

பிள்ளை இறங்க மறுத்தால் வீட்டில் எதுவும் அடைபட்டிருக்கக்கூடாது. சிந்தாமணி ஓடினாள். செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே அவளுக்குப் பெரிய காரியமாக இருந்தது. அரிசி டிரம், ஊறுகாய் ஜாடி, டிரங்குப் பெட்டி, அஞ்சறைப் பெட்டி, மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், தங்கசாமியின் சைக்கிள் பூட்டு. கொல்லைக் கதவு, அலமாரி, பவுடர் டப்பா. கொடியில் முடிந்திருந்த கயிற்றைக்கூட அவிழ்த்தாள், துணியெல்லாம் தரையில் விழுந்தது. மூச்சு வாங்க அறைக்குள் வந்து பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

அதன் மேல் பாட்டில் இருந்தது.

காலையிலிருந்து நிறைய வெளியே வந்திருந்தன. கண்ணாடி முழுக்க மிளகுப்பொடி தூவினது போல ஊர்ந்துகொண்டிருந்தன. கூட்டின் கடைசி அறையும் திறந்துவிட்டது போலும். இதில் கட்டாயம் ஆண் இருக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

கிருஷ்ணம்மாள் மகளின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வையும் பாட்டில் மேல்தான் இருந்தது.

"நான் தொடமாட்டேன்," என்றாள். "அது உன் பரீட்சைன்னு எனக்குத் தெரியும். போன தடவ நான் ஒண்ணும் சொல்லல. இப்பவும் சொல்லல."

சிந்தாமணி பாட்டிலைக் கீழே இறக்கினாள். அடைபட்ட பூச்சிக்கும் அடைபட்ட பிள்ளைக்கும் என்ன இருக்கிறது என்று வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். கட்டிலில் அம்சவள்ளி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "அண்ணி," என்றாள்.

ரப்பர் பேண்டைக் கழற்றித் துணியை எடுத்தாள். பாட்டிலை ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தாள். வெளிச்சத்தைப் பார்த்ததும் எல்லாம் திமுதிமுவென்று மேலேறி, விளிம்பில் ஒரு நொடி நின்று, எழும்பிப் போய்விட்டன. பொடியை ஊதிவிட்டது போலத்தான் இருந்தது. அவற்றில் எது ஆண், எது பெண் என்று பார்க்கக்கூட முடியவில்லை. மூன்று மாதம் போயிற்று. சிந்தாமணி திரும்பி வந்து அம்சவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகு விடவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் இருந்தாள்.

மத்தியானம் வண்டி வந்து வாசலில் நின்றபோது உள்ளே குழந்தை அழுதது. நல்ல ஓங்கின குரல். பெண் குழந்தை.

நர்ஸம்மா குழந்தையைத் துடைத்துக் கொடுக்க, கிருஷ்ணம்மாள் வாங்கி முகத்தோடு ஒட்டிக்கொண்டாள். "பாட்டில்ல வந்தது கணக்குல சேராது போல இருக்கு," என்றாள்.

சாயந்தரம் வீடு அடங்கியது. திறந்த எல்லாவற்றையும் திரும்ப மூடவேண்டுமே. சிந்தாமணி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தாள். டிரம்மில் அதற்குள் எறும்பு ஏறியிருந்தது. சைக்கிள் சாவியைக் காணோம். ஜன்னலில் பாட்டில் சாய்ந்தபடியே கிடந்தது, உள்ளே கரிசல் கூடு மட்டும் இருந்தது, வெறும் மண்கட்டியாக. அதைக் கொட்டிப் பாட்டிலைக் கழுவி வைத்துவிடலாம் என்று எடுத்தாள்.

"அதான் பொறந்துடுச்சே, இனிமே ஒடைச்சுக்க," என்றாள் கிருஷ்ணம்மாள், பிள்ளை பெற்றவளுக்குப் பெருங்காயம் பொரித்துக்கொண்டே.

"இனிமே ஒடைச்சு என்ன, அத்தை. எல்லாம் பறந்துபோச்சு."

சொல்லிக்கொண்டே கையால் அழுத்தினாள். மண் பிளந்தது. உள்ளே பெரிய குளவிப் புழுவின் வற்றிய தோலும் குஞ்சுகள் உரித்துவிட்ட சருகும் கிடந்தன. அவற்றின் நடுவே, தேன் நிறத்தில் ஏதோ ஒன்று நகர்ந்தது. உண்ணி என்றுதான் முதலில் நினைத்தாள். லென்ஸை எடுத்தாள்.

ஆறு கால் இருந்தது. தலை பெரியது, அதில் கண்ணே இல்லை, கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். முதுகில் இறக்கைக்குப் பதில் இரண்டு குச்சி. நெற்றியில் கொம்பு போல அகலமான இரண்டு உணர்கொம்புகள். பக்கத்தில் அதே போல இன்னும் இரண்டு செத்துக்கிடந்தன. ஒன்றுக்குக் கால் இல்லை, இன்னொன்றுக்குத் தலை பாதி இல்லை. தங்களுக்குள் கடித்துக்கொண்டு செத்திருக்கின்றன. உயிரோடிருந்தது இருட்டில் துழாவுவது போல வெளிச்சத்தில் துழாவிக்கொண்டிருந்தது.

சிந்தாமணிக்கு மெதுவாகத்தான் விளங்கியது. இந்த ஆண் வெளியே வரவே வராது. பறக்க இறக்கை இல்லை, பார்க்கக் கண் இல்லை. கூட்டுக்குள்ளேயே பிறந்து, சண்டை போட்டு, பெண்களோடு கூடி, உள்ளேயே சாகிற ஜாதி. வெளியே வந்தவை எல்லாம் பெண். வருஷம் பூராவும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாலும் பெண்தான் வந்திருக்கும். துணியை அவிழ்த்ததில் எதுவுமே போகவில்லை.

நடுவீட்டிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்தாள். கிருஷ்ணம்மாள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதான் ஆம்பிளையா?"

"ஆமாம், அத்தை."

"கண்ணும் இல்ல, இறக்கையும் இல்ல. வூட்ட வுட்டு நகரமாட்டான், சண்டை மட்டும் போடுவானா." கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "உன் மாமனாரு ஞாபகம் வருது."

மறுநாள் காலை சிந்தாமணி கார்டு எழுதி, குப்பியைப் பஞ்சு வைத்துத் தகரடப்பாவில் அடைத்து, இரண்டையும் வாசலுக்கு வந்த செல்லமுத்துவிடமே கொடுத்தனுப்பினாள். அவர் தெருமுனை வரை போய்விட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டதும் இன்னும் வெளுத்தது.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. 'ஆண் மூன்று கிடைத்தது. இரண்டு அடித்துக்கொண்டு செத்துவிட்டன. ஒன்றை ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பியிருக்கிறேன்'னு எழுதியிருக்கீங்களே."

சிந்தாமணி வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணம்மாள் வெளியே வந்துவிட்டாள்.

"எங்க வூட்டுல பொறந்திருக்கிறது பொண்ணு. சர்க்கரை வாயில போட்டுக்கிட்டுப் போ. கல்கத்தாக்காரன் கேட்ட ஆம்பிளை அந்த டப்பாக்குள்ள இருக்கான். குலுக்காம கொண்டுபோ."

ஆனி கடைசியில் பதில் வந்தது, கார்டுதான். கொம்பைப் பார்த்தாயிற்று, நாம் நினைத்த இனமேதான், நம் நாட்டில் இதுவே முதல், பட்டியலில் உங்கள் பேரோடு அரியலூர் என்று சேர்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி, இன்னொரு வரி இருந்தது: ஆண் கூட்டை விட்டு வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன், போன கார்டில் இடமும் இல்லை.

சிந்தாமணி அதை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. கூடவே, கூடு எடுத்தது பெரம்பலூர், அரியலூர் என்று ஏறிவிட்டதே, இன்றைக்கே திருத்தி எழுதவேண்டுமே என்ற பரபரப்பும் வந்துவிட்டது. பேனாவைத் தேடி எழுந்தாள்.

அறைக்குள் கிருஷ்ணம்மாள் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். நாளைக்கு அம்சவள்ளி வீட்டுக்காரர்கள் குழந்தையைப் பார்க்க வருகிறார்கள், ஒட்டடை அடிக்கவேண்டும். சட்டத்தில் செம்மண் கூடு அப்படியே இருந்தது. அதில் பொடிப் பொடியாக ஓட்டை விழுந்திருந்தது.

"ஏம்மா சிந்தாமணி," என்று துடைப்பத்தை இறக்காமலே கூப்பிட்டாள். "இத அடிச்சுடலாமா, இல்ல இதுக்குள்ளயும் எவனாவது உக்காந்திருக்கானா? வந்து பாத்துச் சொல்லு. எனக்குக் கை வலிக்குது."